கெட்டுப்போகாத இயர்போன்கள்

உன் இயர்போன் எதுவும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போனது உன் இடது காது. அது உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் பொய் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டாய்.

எடுத்த எடுப்பிலேயே இப்படியா என்று முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. நான் சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். நீ ஐதராபாத் போய்ச் சேர்ந்தது, தங்கும் அறையின் ஜன்னலை வீடியோவில் காட்டியது, அங்கே கிடைக்கிற சாம்பாரைத் திட்டியது எல்லாம் எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. நம் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை செய்யப் போன முதல் ஆள் நீதான். நான் தைக்கிறபோது உட்கார்ந்துதான் இருக்கிறேன், ஆனால் அதை யாரும் உட்காருவது என்று சொல்ல மாட்டார்கள். உன் அப்பா தண்ணீர் லாரியை நிறுத்துகிற இடமெல்லாம் நீ ஏசி ரூமில் வேலை செய்கிற கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கோவிலம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிக்கு நீ அனுப்பிய அறைப் படம் வரைக்கும் போய்விட்டது. இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவிலும் இந்த ஒரு விஷயத்தை நான் விடப்போவதில்லை.

இதை உன் போனுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாய். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை, பயப்படாதே. இன்னொரு காரணமும் உண்டு. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் தாண்டி எத்தனை கல்யாண மண்டபம் இருக்கிறதோ அத்தனையிலும் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் நீ நின்ற இடத்தில் இப்போது வேறொரு பையன் நிற்கிறான். அவன் வீட்டிலும் யாராவது இதைப் படிக்கட்டும்.

உன் மேசை இழுப்பறையை நான் எப்போதும் திட்டுவேன், ஞாபகம் இருக்கிறதா? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பொறுக்கி எடுத்த இயர்போன்கள், பஸ் ஸ்டாண்டில் வாங்கியவை, யாரோ போனோடு வந்ததைக் கொடுத்தவை என்று பாம்புக் குட்டிகள் மாதிரி பின்னிக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் நீ சொல்கிற தீர்ப்பு ஒன்றுதான். "லெஃப்ட் போச்சும்மா." வாங்கிக் கொஞ்ச நாளில் இடது பக்கம் போய்விடும். உடனே இன்னொன்று வாங்குவாய். உன் அப்பாகூட ஒருநாள் கேட்டார், "அது இன்னாடா, ஊர்ல கீற கம்பெனிலாம் ஒண்ணா சேர்ந்து லெஃப்ட்ட மட்டும் மட்டமா செய்றானா?" நாம் மூன்று பேரும் சிரித்தோம். அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை.

வேலை உறுதியானதும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான். புதுச் சட்டை வேண்டாம், பெட்டி வேண்டாம், நல்ல ஹெட்போன் ஒன்று. "சீப்பா வாங்கி வாங்கித்தான் லெஃப்ட் போய்க்கினே கீது. ஒரே ஒரு தபா நல்லதா வாங்கிட்டா முடிஞ்சுதும்மா" என்றாய். விலையைக் கேட்டு நான் வாயைப் பிளந்தது நிஜம். ஆனாலும் சரி என்றேன். இந்த ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளை நல்ல பொருள் ஒன்றை ஆசைப்பட்டால் உடனே அதற்கு ஆடம்பரம் என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பணக்காரன் பிள்ளை அதையே வாங்கினால் ரசனை. எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஓடுகிற ரயிலில், ஒண்டுகிற அறையில், நாலு பேருக்கு நடுவே தனக்கென்று கொஞ்சம் அமைதி வேண்டும் என்று நினைப்பது ஆடம்பரம் இல்லை. தனி அறை இருக்கிறவனைவிட அது உனக்குத்தான் அதிகம் தேவை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நீ எனக்கு எடுத்த பாடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் வெங்காயம் நறுக்க, நீ பக்கத்தில் நின்று வீடியோ காட்டுவாய். காதுக்குள் செருகுவது ஒரு வகை, காது மேல் உட்காருவது ஒரு வகை, காதை முழுசாக மூடுவது ஒரு வகை. வெளியே எடுத்துக்கொண்டு போக மூடுகிற வகைதான் சரி, இல்லாவிட்டால் நீ கேட்கிற பாட்டைப் பக்கத்து சீட்டுக்காரனும் கேட்பான். நம் ஊர் வேர்வைக்கு அது ஆகுமா என்று நான் கேட்டேன். "அதுக்குத்தான் மெத்தைய கழட்டி மாட்டற மாரி கீறத வாங்கணும்" என்றாய். மடக்கிப் பையில் போட முடிய வேண்டும். தலையை இறுக்கக் கூடாது. வயர் போட்டும் கேட்க முடிய வேண்டும், சார்ஜ் தீர்ந்தால் கல்லாகக் கிடக்கக் கூடாது. கடைசியாக நீ சொன்ன ஒன்றை நான் மறக்கவே இல்லை. "நல்ல ஹெட்போன்னா சவுண்டு அதிகமா வர்றது இல்லம்மா. கம்மியா வெச்சாலே எல்லாம் கேக்கணும். வெளிய கீற இரைச்சல அது அடக்கிடுச்சுன்னா, நாம எதுக்கு ஏத்தணும்?" இதைச் சொன்ன வாய் உன் வாய்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன்.

குரோம்பேட்டையில் முதலில் போன கடையில் நம்மை நிற்கவைத்தே பேசினார்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் எடுத்தே ஆக வேண்டுமாம், போட்டுப் பார்க்கத் தனியாக ஒன்று இல்லையாம். நம்முடைய செருப்பைப் பார்த்து வந்த பதில் அது. நான் சண்டைக்குத் தயாராவதற்குள் நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாய். "காதுல வெச்சி பாக்காம ஹெட்போன் வாங்கறதும் மூஞ்ச பாக்காம கல்யாணம் பண்றதும் ஒண்ணும்மா, வா" என்றாய். பெரிய ரோட்டிலேயே கொஞ்சம் தள்ளி இன்னொரு கடை. அங்கே கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் போட்டுக் கேட்கலாம். ரம்யா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் நம்மை அவசரப்படுத்தவே இல்லை. அவள் காலை முதல் நின்றுகொண்டே இருந்தாள், அவளுக்கு ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை அந்தக் கடை. அதையும் பார்த்தேன்.

நான் பார்த்தது முதலில் தையலை. பழக்கதோஷம். பல்லாவரத்தில் ஷூ மேல்தோல் தைக்கிற ஆலையில் இருக்கிறவளுக்கு வேறு எது கண்ணில் படும்? ஒன்றின் காது மெத்தையை மடித்துப் பார்த்து, இது தோலே இல்லை, ஒரு வெயில் காலத்தில் செதில் செதிலாக உரியும் என்றேன். "யம்மா, நாம ஷூ வாங்க வர்ல" என்றாய். ரம்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கே இருந்ததிலேயே தையல் அழகாக இருந்த ஒன்றை எடுத்து இதுதான் என்று அடித்துச் சொன்னேன். போட்டுப் பார்த்தால் அம்மிக்கல்லைத் தலையில் கட்டினாற்போல் கனம், பாடுகிறவர் தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்து பாடினார். தையல் தெரிந்தால் பாட்டும் தெரியும் என்று நினைத்தது தப்புதான். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

இல்லை, திறந்தேன். இரைச்சலை அடக்குகிற ஒன்றை நீ என் தலையில் மாட்டி பொத்தானை அழுத்தினாய். வாசலில் ஓடிக்கொண்டிருந்த பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் அப்படியே காணாமல் போயின. நான் பயந்துபோய், "டேய், பஸ்ஸெல்லாம் எங்கடா போச்சு!" என்று கேட்டேன். நான் மெதுவாகத்தான் கேட்டேன் என்று நினைத்தேன். மிக்ஸி வாங்க வந்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். அப்புறம் அந்தப் பாட்டைப் போட்டாய். எங்கள் ஆலையில் சூப்பர்வைசர் மேசையில் இருக்கிற ஒரு சின்ன டப்பாவில் நான் வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டு அது. அதில் பாடுகிறவள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மூச்சு இழுக்கிறாள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. இடது காதுப் பக்கம் யாரோ சலங்கை கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்பதும் தெரியாது. என் கண் கலங்கியதை நீ பார்த்தாய், அதைக் கிண்டல் செய்யவில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அந்த விலை தகும் என்று தோன்றியது.

"இந்தப் பக்கம் சலங்கை சத்தம் வருதுடா" என்று இடது காதைத் தொட்டுக் காட்டினேன். நீ வாங்கி மாட்டினாய். "எங்க? வர்லயே" என்றாய். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரம்யாவிடம், "அக்கா, இந்த பீஸ்ல லெஃப்ட் வீக்கா கீது" என்றாய். அவள் போட்டுப் பார்த்துவிட்டு நன்றாக வருகிறதே என்றாள். வேறொன்று கொடுத்தாள். அதிலும் லெஃப்ட் வீக். அடுத்ததிலும். உன் குரலில் எரிச்சல் ஏறியது, டிஸ்ப்ளேவில் எல்லாம் அடிபட்ட பீஸ்களாக வைத்திருக்கிறீர்கள் என்றாய். அவள் கோபப்படவில்லை. "சார், ஒரு நிமிஷம் இத திருப்பி மாட்டிப் பாருங்களேன். லெஃப்ட்ட ரைட்ல" என்றாள். நீ திருப்பி மாட்டினாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சலங்கை உனக்குக் கேட்டுவிட்டது. வலது காதில். ஒரு பெரிய நடிகனைப் போல நீ உடனே சிரித்தாய். "காலைல தலைக்கு ஊத்திக்கினேன்மா, தண்ணி போய்ட்டுக்கீது." ரம்யா மட்டும் பில் போடுகிற இடத்துக்கு நடந்துகொண்டே என்னிடம் சொன்னாள், "ஆன்ட்டி, ஒரு தடவ காது டாக்டர்கிட்ட காட்டிருங்க." உன்னிடமும் சொன்னாள், போனில் ஒரு செட்டிங் இருக்கிறது, இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு காதுக்கும் ஒன்றுபோலவே கொடுக்கும் என்று. நீ வெடுக்கென்று, "அதெல்லாம் வேணாக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாய்.

வாங்கியது நல்ல பொருள்தான். லேசானது, மடங்குவது, மெத்தையைக் கழற்றலாம். என் கண்ணுக்குத் தையல் சுமார். வாங்கிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டோம், வீட்டுக்கு வந்தோம். சந்தில் எல்லோருக்கும் காட்டினோம். உன் அப்பா அதை மாட்டிக்கொண்டு, "காதுக்கு ஹெல்மெட்டு போட்டுக்கினு எங்கடா போற?" என்று கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அந்தச் சலங்கை நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் நீ வெளியே போன நேரம் பார்த்து அந்த இழுப்பறையைத் திறந்தேன். சிக்கல் எடுத்து ஒவ்வொன்றாக என் பழைய போனில் செருகி, அதே பாட்டைப் போட்டேன். லெஃப்ட் போச்சு என்று நீ தீர்ப்பு எழுதிய எல்லாவற்றிலும் லெஃப்ட் இருந்தது. ஒன்றில்கூடப் போகவில்லை. சந்தையில் பொறுக்கிய மட்டமான இயர்போனில்கூட அந்தச் சலங்கை கறகறவென்று இடது பக்கம் நடந்தது. அதற்கப்புறம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சாப்பிடும்போது நீ எப்போதும் எனக்கு இடது பக்கம்தான் உட்காருவாய், வேறு யாராவது அங்கே உட்கார்ந்துவிட்டால் எழுப்புவாய். ரோட்டில் நடக்கும்போது சுற்றிக்கொண்டு வந்து என் இடது பக்கம் சேர்வாய். அம்மா மேல் பாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். உன் நல்ல காது என் பக்கம் இருக்கட்டும் என்று உன் உடம்பே ஏற்பாடு செய்திருக்கிறது. வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் உன்னை எழுப்பவே முடியாது. எருமை, எருமை என்று எத்தனை காலை திட்டியிருப்பேன். நல்ல காது தலையணையில் புதைந்திருந்தால் எப்படிக் கேட்கும்?

அப்போதும் உன்னைக் குறை சொல்ல மனசு வரவில்லை. பாவம், அவனுக்கே தெரியாது, பதமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நீ ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால், மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வந்து, "உன் பாட்ட கேளும்மா" என்று உன் போனிலிருந்து போட்டு என் தலையில் மாட்டினாய். அதே பாட்டு. அதே மூச்சு. ஆனால் சலங்கை இடது பக்கம் இல்லை. நடு மண்டையில் நடந்தது. ரம்யா சொன்ன அந்த செட்டிங்கை நீ போட்டிருந்தாய். எடுக்க மறந்துவிட்டாய். வேண்டாம், எனக்கு ஒன்றும் இல்லை என்று கடையில் சொன்னவன், வீட்டுக்கு வந்து யாருக்கும் தெரியாமல் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறாய். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கேட்டேன். "சலங்க எங்கடா போச்சு?" என்றேன். நீ என்னைப் பார்க்காமல் கொடியில் இருந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாய், வாழ்க்கையில் ஒருநாளும் துணி மடிக்காதவன். "தெரியும்மா. கொஞ்சம் கம்மியா கேக்குது. அவ்ளோதான். பேஜார் பண்ணாத" என்றாய். டாக்டரிடம் போகலாம் வா, இன்றைக்கே போகலாம் என்றேன். "போனா இன்னா சொல்வான்? சரியாவாதுன்னு சொன்னா? இன்னும் வேலைக்கே சேரல. நாள் பூரா ஹெட்செட் மாட்டிக்கினு பேசற வேல. காது டமாரம்னு தெரிஞ்சா வெச்சிப்பானா? நாளைக்குப் பொண்ணு பாக்கும்போது செவிடனுக்கா குடுக்கறீங்கன்னு கேக்க மாட்டாங்களா?" நான் பதில் சொல்வதற்குள் உன் அப்பா கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார். நீ போகும்போது, "அங்க போய் பாத்துக்கறேன், ப்ராமிஸ்" என்றாய். உன் ப்ராமிஸ் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வண்டிக்கு பிரேக் மாற்றுகிறேன் என்று சொன்ன ப்ராமிஸ் இன்னும் வாசலில் நிற்கிறது.

அன்றைக்குச் சொல்ல முடியாமல் போன பதிலை இப்போது சொல்கிறேன். நீ வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு. பாலிடெக்னிக் படித்த காலம் முழுக்க நீ சவுண்ட் சர்வீஸ் குமார் அண்ணனோடு போனாய். கல்யாணம், ஆடி மாசக் கூழ், கட்சிக் கூட்டம் எதையும் விடவில்லை. அங்கே ஒரு வேலை முறை இருக்கிறது, நீயே எனக்குப் பெருமையாக நடித்துக் காட்டியிருக்கிறாய். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஸ்பீக்கர் பாக்ஸும் ஒழுங்காகப் பேசுகிறதா என்று தெரிய, அதன்மேல் காதை ஒட்டி வைத்துப் பார்ப்பது. வலது தோளில் ஒயர் சுருள் தொங்கும், அதனால் எப்போதும் இடது காது. பேசாத பாக்ஸைக் கண்டுபிடிப்பதில் உன்னை விஞ்ச ஆள் இல்லை என்று குமார் அண்ணன் ஊரெல்லாம் சொல்வார். அந்தக் காதைத்தான் இத்தனை வருஷம் பாக்ஸுக்குப் பாக்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தாய். கடையில் ஹெட்போனையும் அப்படித்தான் சோதித்தாய். பேசாதது பாக்ஸாகத்தான் இருக்கும் என்று உனக்குப் பழகிவிட்டது. காதும் பேசாமல் போகலாம் என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சத்தம் குறைந்தால் பாக்கியைத் தர மாட்டேன் என்று மிரட்டுகிற கல்யாண வீட்டுக்காரர் அந்தப் பக்கம், ஏத்து ஏத்து என்று கத்துகிற மாப்பிள்ளையின் நண்பர்கள் இந்தப் பக்கம். அவர்களுக்கு அது ஒரு சாயங்காலம். ஆட்டம் முடிந்து காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். பாக்ஸ் பக்கத்தில் நிற்கிறவனுக்கு மறுநாளும் கல்யாணம். அவனுக்கும் காது இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவராவது நினைத்திருப்பார்களா? எங்கள் ஆலையிலும் அதே கதைதான். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் சுற்றிப் பார்க்க வருகிற நாளில் மட்டும் எங்களுக்குக் காதில் செருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தருவார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் தட்டை நீட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். போன முறை நான் திருப்பித் தரவில்லை. தொலைந்துவிட்டது என்றேன். மிஷின் முன்னால் உட்கார்ந்ததும் மாட்டிக்கொள்கிறேன், சூப்பர்வைசர் முறைத்துவிட்டுப் போகிறான். இப்போது என் வரிசையில் இருக்கிற பெண்கள் எல்லோரும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். நம் காது ஓசியில் கிடைத்தது என்று உலகம் நினைக்கிறது. நாமும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

நான் டாக்டர் இல்லை. உன் காதில் இருப்பது அழுக்கா, சீழா, பாக்ஸ் தின்றதா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரியாததற்கு ஒரு பெயர் வைத்து, அதற்குப் பயந்து, ஊரை விட்டே போயிருக்கிறாய். சரியாகும் என்றால் சரி செய்துகொள்ளலாம். சரியாகாது என்றால், மிச்சம் இருக்கிற ஒரு காதை வைத்து எப்படி வாழ்வது என்று டாக்டரிடமே கேட்கலாம். நாள் முழுக்க ஹெட்செட் மாட்டப்போவது அந்த ஒரு காதில்தான், அதையும் பேசாத பாக்ஸாக்கிவிடாதே. பெண் பார்க்கப் போகிற அன்றைக்கு நானே முதலில் சொல்வேன், என் மகனுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம், உங்கள் பெண்ணை வலது பக்கம் உட்காரச் சொல்லுங்கள் என்று. அதைக் கேட்டு வேண்டாம் என்கிற வீடு போகட்டும், குடித்த டீ லாபம்.

அதுவரைக்கும் நீ எனக்கு எடுத்த பாடத்தை நீயே கேள். இரைச்சலை அடக்குகிற பொத்தானைப் போடு, பாட்டைக் குறைத்து வை. குறைத்தால் கேட்கவில்லை என்றால் ஏற்றாதே, கழற்றி வை. தண்டவாளம் தாண்டும்போதும் ரோட்டைக் கடக்கும்போதும் அது கழுத்தில்தான் இருக்க வேண்டும். உனக்கு ஒரு பக்கம் வண்டி வருவது ஏற்கெனவே கேட்பதில்லை. அந்த செட்டிங்கை எடுக்காதே, எனக்காக மறைக்கவும் மறைக்காதே. பாட்டு முழுதும் உனக்குக் கேட்கட்டும். அந்தச் சலங்கை உனக்கு எந்தப் பக்கம் நடந்தால் என்ன, நடந்தால் போதும். நான் ஆசைப்பட்டு உனக்கு வாங்கிக்கொடுத்தது வாழ்நாள் முழுக்க நீ பாட்டுக் கேட்க வேண்டும் என்றுதான்.

தாம்பரத்தில் உன்னை ரயில் ஏற்றிய சாயங்காலத்தை நீ எப்படி ஞாபகம் வைத்திருக்கிறாயோ தெரியாது. எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. உன் அப்பா உன் பெட்டியை சீட்டுக்கு அடியில் தள்ளி, சங்கிலி போட்டு, அதைப் பக்கத்து சீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டு இறங்கினார். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், ஹெட்போன் கழுத்தில் இருந்தது, பிளாட்பாரம் உன் இடது பக்கம். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இட்லியை ராத்திரிக்கே சாப்பிட்டுவிடு, சட்னி நாளைக்குத் தாங்காது என்றேன். நீ தலையைத் திருப்பி, முழுசாகத் திருப்பி, என் வாயைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாய். உன் அப்பா ஏதோ கிண்டல் செய்தார், சிரித்தாய். உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அப்புறம் எதிரே ஒருவர் வந்து உட்கார, நீ அந்தப் பக்கம் பார்த்தாய். ஒலிபெருக்கி அறிவிப்பு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. நான் கத்தவில்லை. வீட்டில் பேசுகிற குரலில், உன் இடது காதுக்கு நேராக ஒன்று கேட்டேன். நீ திரும்பவில்லை. வண்டி நகர்ந்தது. அப்புறம்தான் திரும்பினாய், கையை ஆட்டினாய், சிரித்துக்கொண்டே போய்விட்டாய். கேட்கவில்லையா, கேட்டும் பேசாமல் இருந்தாயா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கப்புறம் தினமும் போன் பேசுகிறாய். சாப்பாடு, அறை, வேலை எல்லாம் சொல்கிறாய். இதைக் கேட்டால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. அன்றைக்குக் கேட்டதையே இப்போது எழுத்தில் கேட்கிறேன், எழுத்துக்கு இடது காதும் இல்லை, வலது காதும் இல்லை.

டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய்? தேதியைச் சொல்.